ஞாயிற்றுக்கிழமைகளில் நிற்காது

பஸ் ஸ்டாண்டின் மூலையில் கண்ணாடி போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. அதற்குள் ஒரு மேசை, ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு நாற்காலி. நாற்காலிக்கு ஒரு கை இல்லை. உட்காரும் இடத்தில் துணி கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். இருந்தாலும் அது சுழலும். அதில் உட்கார்ந்து, பஸ் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் நோட்டில் எழுதுகிறவருக்கு டைம் கீப்பர் என்று பெயர். அந்த நாற்காலியைப் பதினெட்டு வருஷமாக நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தார் பதினேழாம் நம்பர் பஸ்ஸின் கண்டக்டர்.

அவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஏதோ பழைய கட்டடத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நிக்கிற வேலையை விட்டுடுங்க."

"விட்டுட்டு என்னங்க செய்யறது?"

"உக்கார்ற வேலையா ஒண்ணு பாத்துக்கங்க."

டாக்டர் இதை உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

பழைய டைம் கீப்பர் ஓய்வுபெற்று நாற்காலி காலியானபோது கண்டக்டர் விண்ணப்பம் போட்டார். அங்கேதான் இலக்கியம் குறுக்கே வந்தது.

போக்குவரத்துக் கழகத்தின் மேலிடத்தில் யாரோ ஒருவர் ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருக்கிறார். அங்கே ஒரு பேராசிரியர் இரண்டரை மணி நேரம் பேசியிருக்கிறார். கேட்டவர் மனம் உருகி, மறுநாளே உத்தரவு போட்டுவிட்டார்: இனிமேல் நம் கழகத்தில் நிற்கிற வேலையிலிருந்து உட்காரும் வேலைக்கு உயர்கிற எவரும் பழம்பாட்டின் சுவை அறிந்தவராக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சொல் தரப்படும். அந்தச் சொல் பழைய இலக்கியத்தில் எங்கெங்கே, யார் வாயில், என்னென்ன பொருளில் வருகிறது என்று தேடிப் படித்து, இரண்டு மாதம் கழித்து மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் சொல்ல வேண்டும். குழுத் தலைவர் அதே பேராசிரியர். அவருக்குச் 'சொல்லாய்வுச் சுடர்', 'பழம்பாட்டுப் பேரரண்' என்று இரண்டு பட்டங்கள் இருந்தன. மூன்றாவது வந்துகொண்டிருந்தது. தேர்வுக்கென்று அவரே ஒரு கையேடும் எழுதியிருந்தார். அதில் இடப்பக்கம் சொற்பொருள், வலப்பக்கம் அவர் பொன்னாடை வாங்குகிற படம்.

பஸ் வந்த நேரத்தை எழுதப் பழம்பாட்டு எதற்கு என்று கேட்ட கண்டக்டர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

நம்முடைய கண்டக்டர் கேட்கவில்லை. இரண்டு தடவை போய்த் தோற்றார். முதல் தடவை கையேட்டை ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். "பொருள் சொன்னீர். அச்சொல் எவர் வாயில் வருகிறது?" என்று தலைவர் கேட்டார். அது கையேட்டில் இல்லை. இரண்டாம் தடவை அதையும் சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டு போனார்; தலைவரின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் ஆவியாகிவிட்டது. மூன்றாவது கடிதம் வந்தபோது அதில் ஒரு வரி அடிக்கோடிடப்பட்டிருந்தது: 'இதுவே இறுதி வாய்ப்பு.' அதற்குக் கீழே அவருடைய சொல்: 'ஆற்றுதல்.'

"புலவரே, இந்தத் தடவையாவது கரை சேருவீங்களா?" என்றார் டிரைவர். இருவரும் ஒன்பது வருஷமாக ஒரே வண்டி. "இல்லேன்னா சொல்லிடுங்க, நானே ஒரு முக்காலி செஞ்சு பின்னாடி போட்டுடறேன்."

"போடுங்க. அதுக்கும் ஒரு சொல் படிக்கச் சொல்வாங்க."

கண்டக்டரின் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவளுக்கு உரையாசிரியர்கள் எம்மாத்திரம்? கையேட்டைப் புரட்டிப் பார்த்தாள். "மாத்திரை பேர் போட்டிருக்கு, எந்த நோவுக்குன்னு போடலையே" என்று மூடி வைத்துவிட்டாள். நூலகத்துக்குப் போய், உரையோடு கூடிய பழம்பாட்டுத் தொகுப்பு ஒன்றை எடுத்து வந்தாள். செங்கல் கனம். வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் அவர் சுடுதண்ணீர்ப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார, அவள் படிப்பாள். ஒரு வாரம் இப்படிப் போயிற்று. எட்டாம் நாள் கேட்டாள், "திங்கக்கிழமை படிச்சது என்ன?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"சரி விடுங்க. நாம முதல் தடவை பேசிக்கிட்டது எந்தத் தேதி?"

"அது வந்து…"

"எந்த ஸ்டாப்?"

"மார்க்கெட்டுக்கு அடுத்தது. நீ சில்லறை இல்லேன்னு சொன்னே. முன்பக்கப் படியில ஏறினே."

"பாத்தீங்களா? உங்களுக்குத் தேதியும் நிக்காது, பாட்டும் நிக்காது. ஸ்டாப்பு மட்டும் நிக்கும். ஒவ்வொரு பொருளையும் ஒவ்வொரு ஸ்டாப்புல இறக்கி விட்டுடுங்க."

அப்படித்தான் பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஆற்றுதல் ஏறியது.

பஸ் ஸ்டாண்டில் ஏறியது எளிய பொருள். அரசன் ஏவிய வினையை ஆற்றப் போகிற வீரன் ஒரு பாட்டில் வருகிறான். வினை ஆற்றுதல் என்றால் செய்தல். டிரைவர் தினமும் காலையில் டயர்களையெல்லாம் உதைத்துப் பார்த்து, கண்ணாடியைத் துடைத்து, இருமிவிட்டு ஏறுவார். அந்த வீரனுக்குக் கண்டக்டர் டிரைவரின் முகத்தை வைத்தார். வீரனுக்குத் தொப்பை வந்துவிட்டது, பரவாயில்லை, மறக்காது.

மார்க்கெட்டில் மூட்டைக்காரர் ஒருவர் ஏறுவார். தன்னைவிடப் பெரிய மூட்டையோடு தன்னைவிடச் சின்னக் கதவில் நுழைந்துவிடுவார். இயலுதல், வல்லவனாதல் என்ற பொருள் அங்கே. 'பகைவரைத் தாங்க ஆற்றுவோமா' என்று கோட்டைக்குள்ளிருப்பவன் யோசிக்கிற பாட்டை அந்த மூட்டையின் மேல் ஏற்றினார்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் கொஞ்சம் சிரமப்பட்டார். தோழி தலைவியை ஆற்றுகிறாள் என்று உரையில் இருந்தது, தேற்றுதல். அது என்னவோ பெரிய அறிவுரை என்று நினைத்திருந்தார். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா தங்கை இருவர் ஏறினார்கள். தங்கை அழுதுகொண்டிருந்தாள். அக்கா ஒரு உபதேசமும் செய்யவில்லை. ஜன்னலோரம் அவளை உட்காரவைத்து, "அந்த டாக்டர் கெட்டிக்காரர்டி, அவர் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றாள். அந்த டாக்டரின் மூஞ்சியைக் கண்டக்டருக்கும் தெரியும். அன்று சாயங்காலம் பாட்டை மறுபடி படிக்கச் சொன்னார். தோழியும் அதையேதான் செய்கிறாள். வந்துவிடுவார், பாதி வழி வந்திருப்பார் என்று கூசாமல் பொய் சொல்கிறாள்.

"அட, பக்கத்துல உக்காந்து பொய் சொல்றதா?" என்றார்.

"நான் உங்க முட்டியப் பத்தி தினம் சொல்றேனே" என்றாள் மனைவி.

கடைசி ஸ்டாப் தண்ணீர்த் தொட்டி. அங்கே டிரைவர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சின் சூட்டை ஆற்றுவார். தணித்தல். பாட்டில் அது பசி, இங்கே எஞ்சின். கண்டக்டர் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக்கொண்டார்.

பாக்கி இருந்தது பொறுத்தல். அதற்கு ஆஸ்பத்திரிக்கும் தொட்டிக்கும் நடுவில் இருந்த கோர்ட் ஸ்டாப் ஒன்றுதான் காலியாக இருந்தது. தலைவன் பிரிந்து போயிருக்க, தலைவி ஆற்றியிருக்கிறாள் என்றது உரை. கையேட்டில் 'பொறுத்தல்' என்று ஒரே சொல், எதிரே பொன்னாடை. சும்மா வாயை மூடிக்கொண்டு இருப்பதற்கு ஒரு சொல் எதற்கு என்று கண்டக்டருக்குத் தோன்றியது.

கோர்ட் ஸ்டாப்பில் பழுப்புப் பை வைத்த அம்மா ஒருவர் ஏறி இறங்குவது வழக்கம். ஏதோ வீட்டு வழக்கு. ஏழு வருஷமாக நடக்கிறது. காலையில் பை நிறையக் காகிதத்தோடு இறங்குவார், மத்தியானம் அதே காகிதத்தோடு ஏறுவார்.

"என்னம்மா ஆச்சு?"

"தள்ளி வச்சிட்டாங்க."

ஏழு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். ஆனால் அதற்கு மேலும் அந்த அம்மா சும்மா இருக்கமாட்டார். வக்கீலைத் திட்டுவார். நீதிபதியின் மூக்குக்கண்ணாடியைக் கேலி செய்வார். அடுத்த தேதியைப் பையின் உள்பக்கம் பேனாவால் எழுதிக்கொள்வார். அங்கே இடமே இல்லாமல் தேதியாக இருந்தது. பிறகு வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, டிரைவருக்கு ஒரு கை, கண்டக்டருக்கு ஒரு கை கொடுத்துவிட்டு, பேத்திக்கு நூல் வாங்க எந்தக் கடை மலிவு என்று விசாரிப்பார்.

அன்று மனைவி படித்த பாட்டிலும் ஒருத்தி இருந்தாள். போனவன் வரவில்லை. அவள் சுவரில் நாளைக் கோடு போட்டு எண்ணுகிறாள். தோழியிடம் அவனைக் கண்டபடி ஏசுகிறாள். ஏசிவிட்டு, விளக்கேற்றப் போகிறாள்.

கண்டக்டர் சுடுதண்ணீர்ப் பையைக் கீழே வைத்தார். "இது நம்ம கோர்ட் அம்மா" என்றார்.

ஐந்து பொருளும் ஏறிவிட்டன. அடுத்த மூன்று வாரம் ஒரு நாளைக்கு எட்டு நடை. ஒவ்வொரு நடையிலும் ஸ்டாப் வர வர, டிக்கெட் கிழித்தபடியே பாட்டையும் பொருளையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் என்று மனைவி சொன்னாள். தேர்வு புதன்கிழமை.

செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம் வந்தது. தலைவருக்கு மூன்றாவது பட்டம் புதன்கிழமை வழங்கப்படுவதால், தேர்வு ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்படுகிறது. இடம்: கோர்ட்டை அடுத்துள்ள பயிற்சிக் கூடம்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்டக்டர் தன் பஸ்ஸிலேயே பயணியாக ஏறினார். விடுமுறைக் கூட்டம் குறைவு. உட்கார இடம் இருந்தது. பழக்கதோஷத்தில் நின்றார். ஆஸ்பத்திரி வந்ததும் இறங்கப் போனார்.

"எங்க எறங்கறீங்க? கூடம் கோர்ட்டுக்குப் பக்கத்துலதானே?" என்றார் டிரைவர்.

"ஞாயித்துக்கிழமை கோர்ட் ஸ்டாப் நிக்காதே."

"உங்களுக்காக ஒரு நிமிஷம் நிறுத்த மாட்டேனா?"

"பதினெட்டு வருஷமா எத்தனை பேரை நிக்காது நிக்காதுன்னு இங்கயே எறக்கி விட்டிருக்கேன். எனக்கு மட்டும் நிக்குமா?"

இறங்கி, இரண்டு முழங்காலையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சமாதானப்படுத்தி, ஒரு ஸ்டாப் தூரம் நடந்தார்.

கூடத்தில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், புதிய பட்டத்தின் களைப்போடு. வலப்பக்கம் நிர்வாக அதிகாரி, நடுவயதுப் பெண்மணி. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். இடப்பக்கம் போக்குவரத்து மேலாளர், கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் பயிற்சி பெற்றவர். எதிரே தேர்வருக்கு நாற்காலி இல்லை. சொல்லுக்கு மரியாதையாக நின்றுதான் விடை சொல்ல வேண்டும் என்பது தலைவரின் ஏற்பாடு.

"முட்டி சரியில்லேன்னு எழுதியிருக்கே. ஒரு நாற்காலி போடச் சொல்லட்டுமா?" என்றார் அதிகாரி.

"வேண்டாங்க மேடம். நின்னாத்தான் எனக்கு வரும்."

தலைவர் தொண்டையைச் செருமினார். அது ஒரு சிறு முன்னுரை அளவுக்கு நீண்டது. "உமக்குரிய சொல் யாது?"

"ஆற்றுதல்ங்க."

"பொருள் எத்தனை?"

"அஞ்சுங்க."

"விளம்புக."

கண்டக்டர் கண்ணை மூடினார். வலது கை தானாகவே இடுப்பருகே போய், அங்கே இல்லாத டிக்கெட் பையைப் பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பினார். வீரன் வினை ஆற்றினான். மார்க்கெட்டில் கோட்டைக்காரன் ஆற்றுவோமா என்று யோசித்தான். ஆஸ்பத்திரியில் தோழி ஆற்றினாள். அந்த இடத்தில் அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தண்ணீர்த் தொட்டியில் பசி ஆறியது. கண்டக்டர் கண்ணைத் திறந்தார். முகத்தில் வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த நிறைவு.

தலைவர் விரலை மடக்கியிருந்தார். "நான்கு. ஐந்தாவது?"

கண்டக்டர் திரும்பவும் கிளம்பினார். ஸ்டாண்ட், மார்க்கெட், ஆஸ்பத்திரி, தொட்டி. இன்னொரு நடை போய்வந்தார். தொட்டியில் போய் நின்ற பிறகுதான் அவருக்கு விளங்கியது.

"ஐயா, இன்னிக்கு நாலுதாங்க."

"இன்றைக்கா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமைங்க. அஞ்சாவது கோர்ட் ஸ்டாப்புல இருக்கு. அது ஞாயித்துக்கிழமை நிக்காது."

மறைக்க எதுவும் இல்லாததால் கண்டக்டர் முழுக்கதையும் சொன்னார்: மனைவி, செங்கல் புத்தகம், எட்டு நடை, ஸ்டாப்புக்கு ஒரு பொருள். அதிகாரி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தலைவருடைய முகம் மட்டும் சிவந்தது.

"ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல்லுக்கு வார விடுமுறையா?"

மேலாளர் விழித்துக்கொண்டார். "ஞாயிறு நிக்காது. உண்மைதான். அந்த ஆர்டரை நான்தான் போட்டேன்" என்றார். பிறகு கண்டக்டரை ஏறஇறங்கப் பார்த்தார். அவர் தன் வேலைக்காலத்தில் நூற்றுக்கணக்கில் உத்தரவு போட்டிருக்கிறார். மனசுக்குள்ளும் அதை மீறாத ஒரு மனிதரை இப்போதுதான் பார்க்கிறார். "இவர்தான் டைம் கீப்பர். எங்க கையெழுத்துப் போடணும்?"

"பொறுங்கள்" என்றார் தலைவர்.

அதிகாரி கைக்குட்டையை எடுத்தார். "கண்டக்டர், இன்னிக்குத் திங்கக்கிழமைன்னு வச்சுக்குங்க."

கண்டக்டர் கண்ணை மூடினார். ஆஸ்பத்திரியைத் தாண்டினார். விசில் கொடுத்தார்.

"பொறுத்தல்னு கையேட்டுல இருக்குங்க. ஆனா வெறும் பொறுத்தல் இல்லைங்க அது. பாட்டுல வர்ற அம்மா வாயை மூடிக்கிட்டு இல்லை. நல்லாத் திட்டறாங்க. நாளை எண்ணறாங்க. ஆனா விளக்கேத்தற நேரம் வந்தா எழுந்து போயிடறாங்க. வலி அது பாட்டுக்கு இருக்கு, அன்னிக்கு வேலையும் அது பாட்டுக்கு நடக்குது. சும்மா தாங்கிக்கிட்டா அது கல்லு. ஏசிட்டு எழுந்து போனாத்தான் ஆற்றியிருக்கிறது. எனக்கு அப்படித்தான் புரிஞ்சுது."

சொல்லிவிட்டு ஒரு முழங்காலிலிருந்து மற்றதற்குப் பாரத்தை மாற்றினார்.

அதிகாரி கையெழுத்துப் போட்டு, மேலாளரிடமும் வாங்கிக்கொண்டு தலைவரைப் பார்த்தார். "அந்தப் பாட்டு எதுங்க ஐயா? எனக்கும் படிக்கணும்போல இருக்கு."

"அதுவா? அது… பரவலாக அறியப்பட்ட பாட்டு."

"எத்தனாவது?"

தலைவர் கையேட்டைப் புரட்டினார். அந்தப் பக்கத்தில் அவர் ஒரு அமைச்சரோடு நின்றுகொண்டிருந்தார். மறுபக்கம் புரட்டினார். அவர் முகத்தில் இருந்த சிவப்பு மெல்ல வடிந்து, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் ஏற்றப்பட்டவனுடைய முகம் தெரிந்தது. இரண்டு தடவை அதே இடத்தில் நின்ற கண்டக்டருக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும். தான் கொண்டுவந்திருந்த துணிப்பையிலிருந்து நூலகப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் மெல்ல வைத்தார். நடுவில் ஒரு பழைய டிக்கெட் நீட்டிக்கொண்டிருந்தது.

"டிக்கெட் வச்ச பக்கங்க. உரை கொஞ்சம் கஷ்டம். மெதுவாப் படிங்க, புரிஞ்சிடும்."

தலைவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நெடுநேரம் கழித்துத் தாளில் எழுதினார்: 'மூலத்தோடு ஒப்புநோக்கிய பின் முடிவு. அதுவரை ஒத்திவைக்கப்படுகிறது.'

வாசல்வரை அதிகாரி வந்தார், ஒரு காலில் செருப்போடு. "ரெண்டு கையெழுத்து ஆயிடுச்சு. மூணாவதும் போடுவார். அதுக்கு முன்னாடி அவர் அந்தப் பாட்டைப் படிக்கணும், அவ்வளவுதான்."

"எத்தனை நாள் ஆகும் மேடம்?"

"அடுத்த வாரம் ரெண்டு பாராட்டு விழா இருக்கு."

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். தலைவரைப் பற்றி மருந்துச்சீட்டில் எழுத முடியாத சில வார்த்தைகள் சொன்னாள். "நூலகப் புத்தகத்தை வேற குடுத்துட்டு வந்துட்டீங்களே, பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை கொண்டுபோய்ப் புதுப்பிக்கணுமே" என்றாள். சொல்லிவிட்டு எழுந்து சுடுதண்ணீர் வைக்கப் போனாள்.

திங்கட்கிழமை மத்தியானம் கோர்ட் ஸ்டாப்பில் பஸ் நின்றது. பழுப்புப் பை அம்மா ஏறினார். வழக்கமான கேள்வியைக் கண்டக்டர் கேட்பதற்கு முன்னால் அவர் முந்திக்கொண்டார்.

"நேத்துப் பரீட்சையாமே. டிரைவர் சொன்னார். என்ன ஆச்சு?"

"தள்ளி வச்சிட்டாங்கம்மா."

அந்த அம்மா அவரை ஒரு கணம் பார்த்தார். ஏழு வருஷத்தில் இந்தப் பதிலை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல்முறை. கதவுக்குப் பக்கத்தில் தனக்கென்று காலியாக இருந்த இடத்தில் பையை வைத்தார். பிறகு அதை எடுத்து மடியோடு அணைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றார்.

"உக்காருங்க."

"அய்யோ, வேண்டாம்மா. டூட்டியில…"

"ஒரு ஸ்டாப்புதானே? உக்காருங்கன்னா. விசிலைக் குடுங்க."

கண்டக்டர் பஸ்ஸை ஒருமுறை பார்த்தார். டிக்கெட் எடுக்காதவர் யாருமில்லை. மெதுவாக, முதலில் ஒரு முழங்காலையும் பிறகு மற்றதையும் மடக்கி உட்கார்ந்தார். பதினெட்டு வருஷத்தில் இந்த ஜன்னலிலிருந்து ரோடு எப்படித் தெரியும் என்று அவர் பார்த்ததில்லை. கோர்ட் மரம் பெரியதாகத் தெரிந்தது.

அந்த அம்மா விசிலைச் சேலைத் தலைப்பால் துடைத்து இரண்டு தடவை ஊதினார். இரண்டாவது கொஞ்சம் நீண்டுவிட்டது.

கண்ணாடியில் டிரைவரின் கண் தெரிந்தது. "என்ன புலவரே, சிம்மாசனம் ஏறியாச்சா?"

"தொட்டி வரைக்கும்தான்" என்றார் கண்டக்டர். "மெதுவாப் போங்க."

டிரைவர் மெதுவாகவே போனார். அந்த அம்மா தலைவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரைத் திட்ட ஆரம்பித்தார். திட்டிக்கொண்டே வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார்.